கையை விலக்கிவிட்டுப் பரிமாறுகிறவன்

அவன் கறிக்குழம்பு வாளியோடு பந்தியில் இறங்கினால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்வார்கள். மூடினால் விடுகிற ஆளா? மணிக்கட்டைப் பிடித்துக் கையை அந்தப் பக்கம் விலக்கிவைத்துவிட்டு, இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவான். எங்கள் பக்கத்து விருந்துகளில் முதலில் சொல்கிற 'போதும்' மரியாதைக்குச் சொல்வது. அடுத்தது வெட்கத்துக்கு. இன்னும் அழுத்திச் சொன்னால்தான், நிஜமாகவே போதுமோ என்று பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்துவார். அவனுக்கு அப்படி நிறுத்துகிற பழக்கமே கிடையாது.

"வேணாம்னு வாய்தான்டா சொல்லும், வயிறு சொல்லாது" என்பான்.

அவன் வீட்டுக் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. நாங்கள் கல்லூரி நண்பர்கள் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். பந்தியில் அவனுக்கு மாமா முறை ஆகிற ஒருவர், "சர்க்கரை இருக்கு தம்பி, கேசரி வேணாம்" என்று இலையை மடித்தே விட்டார். இவன் மடித்த இலையைப் பிரித்து, ஒரு குத்துக் கேசரியை வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். போதாததற்கு இன்னொரு குத்து. சாயங்காலம் அவர் தலை சுற்றி விழுந்து, மண்டை உடைந்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். மறுநாள் பழத்தோடு போய் நின்று, "என்ன மாமா, ஒரு கேசரிக்கே சாஞ்சுட்டீங்க?" என்றான். தலையில் கட்டோடு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் எங்கெங்கே சிரித்தேன் என்று நீங்கள் பார்த்துக்கொண்டே வரலாம்.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு இல்லை. பெயரைச் சொன்னால் எந்த ஊர், எந்த ஆட்கள், அப்பா என்ன செய்கிறார் என்று வரிசையாகக் கேட்பீர்கள். கேட்டு முடித்ததும், "ஓ, அவங்களா, அப்படித்தான் இருப்பாங்க" என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனசில்லை. மதுரைக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்திருந்த ஒரு நல்ல குடும்பத்துப் பையன். அது போதும்.

மூன்று வருஷம் நாங்கள் ஒரே வகுப்பு. பழங்காநத்தத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து அவன், நான், சரவணன் மூன்று பேரும் தங்கியிருந்தோம். என் சட்டையை அவன் போட்டுக்கொண்டு போவான். சரவணனின் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுவான். நாங்களும் அவன் துண்டு, அவன் சார்ஜர், அவன் வீட்டிலிருந்து வந்த முறுக்கு எல்லாவற்றையும் அப்படியேதான் எடுத்தோம். ஒருதடவை நான் தெரியாத்தனமாக, "மாப்ள, உன் வாட்சை இன்னைக்குக் கட்டிக்கவா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போய்விட்டது அவனுக்கு.

"என்னடா, பிரிச்சுப் பேசுற? நமக்குள்ள என்ன கேட்டுக்கிட்டு?"

கேட்டால் அந்நியன், கேட்காமல் எடுத்தால் சொந்தக்காரன். எங்கள் மாடி வீட்டின் சட்டம் இதுதான். இதைப் பெரிய பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், மூன்று தடிமாடுகள்.

பாசம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஒன்பது நாள் அங்கேயே கிடந்தான். "நீ போய்யா, நாங்க பாத்துக்கிறோம்" என்று என் அம்மா தினமும் சொன்னாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. ஸ்ட்ரெச்சருக்கு ஆள் வரத் தாமதமானபோது, "வேணாம்ப்பா, விழுந்திருவேன்" என்று அப்பா கெஞ்சக் கெஞ்ச, அவரை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறினான். இப்போதும் அவன் பேச்சை எடுத்தால் என் அம்மா, "என்ன இருந்தாலும் அந்தப் பய நமக்குச் செஞ்சதை மறக்கக் கூடாது" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அம்மா சொல்வது பொய் இல்லையே.

எனக்கு நீச்சல் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்த அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். அவர்கள் தோட்டத்துக் கிணறு. நல்ல வெயில். எங்கள் பக்கம் நீச்சல் பழக்குவது என்றால் கிணற்றில் தள்ளிவிடுவதுதான். ஆனால் இடுப்பில் சுரைக்குடுக்கையோ, டயர் ட்யூபோ கட்டுவார்கள், கீழே ஒருவர் தயாராக நிற்பார். அவன் எதுவும் கட்டவில்லை. "வேணாண்டா மாப்ள, சத்தியமா வேணாண்டா" என்று மோட்டார் ரூம் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். விரல் விரலாகப் பிரித்தெடுத்துத் தள்ளினான். போகும்போது படிக்கல்லில் முழங்கால் அடித்து, தோல் பிய்ந்து, தண்ணீரெல்லாம் ரத்தம். மூக்கிலும் வாயிலும் ஏறி, கண் இருட்டி, செத்தே போனேன் என்று நினைத்தபோதுதான் குதித்து, முடியைப் பிடித்துத் தூக்கினான். மேலே கிடத்தி வயிற்றை அமுக்கி, "பாத்தியா, ஒண்ணும் ஆகலைல்ல?" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சரவணன் எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தான். அந்த வீடியோவில், மூக்கில் தண்ணீர் ஒழுக, நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது.

இன்னொன்று. பரோட்டாக் கடையில் ஒருவன் தெரியாமல் என் மேல் சால்னாவைக் கொட்டிவிட்டான். மன்னிப்பும் கேட்டான். "விடு மாப்ள, வேணாம், அவன்தான் சாரி சொல்றான்ல" என்று நான் சொல்லச் சொல்ல, இவன் தண்ணீர் ஜக்கால் அந்த ஆளின் வாயிலேயே அடித்தான். ஒரு பல் மேசையில் விழுந்தது. கடைக்காரர் "ஐயய்யோ" என்று கல்லாவை விட்டு ஓடிவந்தார். அடி வாங்கியவன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் பார்த்தான், இவனைப் பார்க்கவில்லை. "உனக்காகத்தான்டா" என்றான் இவன், வீடு வரும்வரை. நான் எங்கே கேட்டேன்? ஆனால் வகுப்பில் இதை நான்தான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

கீதா எங்கள் வகுப்புதான். அது அவள் நிஜப் பெயர் இல்லை. காமராசர் சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பெண். அப்பாவுக்குச் சேலை வியாபாரம். போனில் அம்மாவோடு அவர்கள் பாஷையில் வேகவேகமாகப் பேசுவாள், நாங்கள் பின்னாலிருந்து அதை நீட்டி முழக்கிக் கிண்டல் செய்வோம். திரும்பி, "உங்களைப் பத்தித்தான் எங்கம்மாகிட்ட சொன்னேன். என்ன சொன்னேன்னு சொல்லவா?" என்பாள். கப்சிப் ஆகிவிடுவோம். அவளும் அவனும் விரும்பினார்கள். அதில் ஒளிவு மறைவு இல்லை. கேன்டீனில் அவள் தட்டிலிருந்து பாதி வடையைப் பிய்த்துக்கொண்டு ஓடுவான். அவள் போனைப் பிடுங்கி மேலே தூக்கிப் பிடிப்பான். "டேய், வேணாம், குடு" என்று எக்குவாள். முதலில் சிரித்துக்கொண்டே எக்குவாள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விடும். அவனுக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒருநாள் லைப்ரரி வாசலில் என்னை நிறுத்தினாள்.

"உன் மாப்ளைகிட்ட ஒண்ணு சொல்லு. நான் சிரிச்சா சரின்னு அர்த்தம் இல்லை. பஸ்ல எல்லார் முன்னாடியும் இடுப்புல கை போடுறான். எடுன்னா இன்னும் இறுக்குறான். நான் சொன்னா விளையாட்டா எடுத்துக்கிறான். நீ சொன்னா கேப்பான்."

"சொல்றேன், சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பது ஒரு சாக்கு. சொன்னால் என்னைப் 'பொம்பளைக்கு வக்காலத்து' என்று கலாய்ப்பார்கள் என்பதுதான் நிஜம்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி ஆடிட்டோரியத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். சம்மதம் என்றால் என்ன என்று இயற்பியல் துறை மேடம் ஒருவர் பேசினார். ஒரு பொண்ணுக்கு விருப்பமா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பையன்களைப் பார்த்துக் கேட்டார். எழுந்து நின்றவன் அவன்தான்.

"முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிரும் மேடம்."

விசில் பறந்தது. மேடம் அசரவில்லை. "முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க நீ என்ன ஜோசியமா படிக்கிற? வாயைத் திறந்து கேட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்றார்.

"கேட்டா அசிங்கம் மேடம். லவ் பண்றவங்ககிட்டப் போயி பெர்மிஷன் லெட்டரா எழுதுறது?"

கூரை பறக்கிற சிரிப்பு. மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "நேத்து சரின்னு சொன்னவ இன்னைக்கு வேணாம்னு சொல்லலாம். கையைப் பிடிக்கச் சரின்னவ, அதுக்கு மேல வேணாம்னு சொல்லலாம். உள்ள வந்த பிறகும் சொல்லலாம். சொன்ன இடத்துல நிறுத்தத் தெரியாதவன் காதலிக்கவே வரக் கூடாது" என்றார். அவன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். அப்போதும் சிரித்தேன். முன்வரிசையில் கீதா மட்டும் திரும்பி அவனைப் பார்த்தாள்.

சரவணனின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மாடி வீட்டில் பிரியாணி. கீதாவும் அவள் தோழிகள் இரண்டு பேரும் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் தோழிகள் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, "இவளை நான் வண்டில விட்டுர்றேன்" என்றான். நாலு மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்று அவள் அப்போதே சொன்னாள். பிறகு, "உள்ள வா, ஒண்ணு காட்டணும்" என்று உள் ரூமுக்குக் கூப்பிட்டான். அவள் தானாகத்தான் எழுந்து போனாள். கதவு சாத்தியது. நான் வெளியே குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

முதலில் பேச்சுச் சத்தம், அவள் சிரிக்கிற சத்தம். அப்புறம் "வேணாம்" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போனேன். மறுபடியும் சொன்னாள். "கையை விடு. நான் வீட்டுக்குப் போறேன்." இரும்புக் கட்டில் சுவரில் மோதியது. கண்ணாடி ஒன்று விழுந்து நொறுங்கியது. பளாரென்று ஓர் அறை, யார் யாரை அறைந்தது என்று தெரியவில்லை. "வேணாண்டா, ப்ளீஸ்" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஹாலில் படுத்திருந்த சரவணன் டிவி சத்தத்தைக் கூட்டினான். "லவ்வர்ஸ் சண்டைடா. நீ ஏன் அங்கிட்டு நந்தி மாதிரி நிக்கிற?" என்றான்.

தட்டுவதற்காகக் கையைத் தூக்கியிருந்தேன். கதவுக்கும் என் கைக்கும் ஒரு சாண் இருக்கும். தாழ்ப்பாள் கூடச் சரியாக விழாத கதவு அது. ஓங்கி ஓர் உதை விட்டால் திறந்துகொள்ளும். உள்ளே இன்னொரு தடவை "வேணாம்" என்றாள், பாதியில் வாய் அடைபட்டது.

"மாப்ள, டீ வாங்கிட்டு வாரேன்!" என்று கத்தினேன். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். சத்தம் போட்டால் அவன் நிறுத்துவான் என்று நினைத்தேனா? அதெல்லாம் இல்லை. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை, அம்புட்டுதான். கடையில் கூட்டம். வரிசையில் நின்றேன். மாஸ்டரிடம் கீதாவுக்கு மட்டும் சீனி கம்மியாகத் தனி கிளாஸில் கேட்டு வாங்கினேன். அதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். செருப்பு கையில். கீழுதடு கிழிந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. துப்பட்டாவைத் தோளோடு இழுத்துச் சுற்றியிருந்தாள், உள்ளே தையல் பிரிந்து கிடந்தது தெரிந்தது. உடைந்த கண்ணாடியை மிதித்திருப்பாள் போல, படிக்குப் படி ரத்தம்.

"நீ வெளியதான இருந்த?" என்றாள்.

"டீ வாங்கப் போயிருந்தேன்."

என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கையும் டீ கிளாஸையும் பார்த்தாள். பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

உள்ளே அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து தாடைவரை நகக் கீறல். "கீறிட்டா மாப்ள" என்றான், ஏதோ பூனையைப் பற்றிச் சொல்வதுபோல. "கோவம். நாளைக்குச் சரியாயிரும். டீயை ஊத்து." ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் அந்த வாரமே கல்லூரியின் உள் புகார்க் குழுவில் எழுதிக் கொடுத்தாள். குழுவுக்குத் தலைமை அந்த இயற்பியல் மேடம்தான். அவன் தரப்பிலிருந்து சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் இரண்டு காரில் கீதா வீட்டுக்குப் போனார்கள். தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்துக்கொண்டுதான் போனார்கள். "ரெண்டும் விரும்புனதுகதானே? முடிச்சு வச்சிருவோம். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்றார்களாம். கீதா அறையிலிருந்து வந்து, தாம்பாளத்தை அப்படியே தெருவில் வீசியிருக்கிறாள். "அவனைக் கட்டிக்கிறதுக்கா புகார் குடுத்தேன்?" என்று கேட்டிருக்கிறாள். சித்தப்பா கையை ஓங்க, அவள் அப்பா நடுவில் விழுந்து அடி வாங்கியிருக்கிறார். ஆனால் அந்த அப்பாவே அன்று அவளிடம் சொல்லிவிட்டார்: குழுவில் இது நிரூபணம் ஆகவில்லை என்றால் படிப்பு அதோடு நின்றது, வீட்டோடு இருக்கவேண்டியதுதான். இதையெல்லாம் அவள் தோழி என்னிடம் வந்து சொல்லிவிட்டு, "சரவணன் எதுவும் கேக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டான். மிச்சம் நீதான்" என்றாள்.

இது அவனுக்கும் தெரியும். மறுநாள் சாயங்காலம் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனான். சுற்றிலும் வாக்கிங் போகிறவர்கள், பிள்ளைகள், பஜ்ஜிக் கடை. குளத்துச் சுவரில் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கை போட்டுக்கொண்டான். பருத்திப்பால் வாங்கினான். வேண்டாம் என்றேன். கையில் திணித்தான்.

"நீ டீ வாங்கப் போயிட்ட மாப்ள. உனக்கு ஒண்ணும் தெரியாது. சரிதான?"

என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான், கைரேகை பார்க்கிறவன் மாதிரி. சுண்டுவிரலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் வளைத்தான்.

"வேணாண்டா" என்றேன். "மாப்ள, வலிக்குது. வேணாம்."

"உன்னைக் கேக்கல. சொல்றேன்" என்றான். இன்னும் வளைத்தான். விரல் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. பருத்திப்பால் மடியெல்லாம் கொட்டிச் சுட்டது. இரண்டு கூட்டாளிகள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களைத் தாண்டிப் போனவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டேகூடப் போனார். இவன் கைக்குட்டையை எடுத்து என் விரலைச் சுற்றிக் கட்டிவிட்டான். "கோவிச்சுக்காத" என்று கன்னத்தைத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது, சத்தியமாக. எனக்கு அதுதான் குலையை நடுங்க வைத்தது. அடித்துவிட்டு அழுகிறவன் நடிக்கவில்லை. வலி என்ற ஒன்று எதிராளிக்கும் உண்டு என்பது அவனுக்கு அடித்து முடித்த பிறகுதான் தெரியவரும்.

என் அக்கா கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். விரலுக்குக் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டே, யார் அடித்தது, எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன் என்ற இடம் வந்ததும், கட்டுப்போட்ட கையை அப்படியே விட்டுவிட்டு, பளார் என்று ஒன்று விட்டாள். காது ரீங்காரம் போட்டது.

"டீ வாங்கப் போனியா? டீயா?"

"அக்கா, உனக்கு இப்படி நடந்திருந்தா நான் அவனை..." என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடு. அக்கா தங்கச்சின்னு நினைச்சாத்தான் உனக்கெல்லாம் புத்தி வருமா? அவ யாரோ எவளோ. வேணாம்னா, அது உனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்ப அதைப் போய்ச் சொல்லு. போ."

போனேன். குழு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், வலது கையால் எழுதியும் கொடுத்தேன். கேட்ட வார்த்தைகள், கட்டில், கண்ணாடி, டிவி, டீ. அவள் நாலு தடவை வேண்டாம் என்று சொன்னாள் என்று எழுதினேன். பிறகு அவனைக் கூப்பிட்டு நான் எழுதியதை வாசித்துக் காட்டினார்களாம். அதுவரை, அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தவன், இதைக் கேட்டதும் ரொம்பச் சாதாரணமாகப் பதில் சொல்லியிருக்கிறான். அது அறிக்கையில் அப்படியே இருக்கிறது.

"ஆமா மேடம், சொன்னா. அதுக்கென்ன? எல்லாரும் முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க."

தன் வாயாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதுகூட அவனுக்குப் புரியவில்லை. என்னதான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தானாம். கல்லூரி அவனை நீக்கியது. போலீஸில் வழக்குப் பதிவானது, அது இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வந்தது, என் அம்மா மட்டும் போய்விட்டு வந்தாள். பொண்ணு லட்சணமாக இருக்கிறாள், வாய் பேசாத பொண்ணு என்றாள். இன்னும் சில நாள் தூக்கத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன், முகம்கூடத் தெரியாத அந்தப் பெண்ணை. அவள் வேண்டாம் என்று சொன்னால் பக்கத்து வீட்டில் யாருக்காவது கேட்குமா?

அறிக்கை வந்த அன்று கீதா அதன் நகலை வாங்குவதற்காகக் கல்லூரிக்கு வந்தாள். அவள் படிப்பு நிற்கவில்லை. எனக்கு அதில் ஒரு பெரிய ஆறுதல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆறுதலுக்கு மேலே ஒரு கர்வமும் இருந்தது. விரல் முறிந்தும் சாட்சி சொன்னவன் அல்லவா? அவள் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் நிமிரவில்லை. வாசித்து முடித்து, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் பார்த்தாள்.

"நீ எழுதிக் குடுத்ததை வாசிச்சேன்."

"உள்ளதைத்தான் எழுதினேன், கீதா."

"நாலு தடவை சொன்னேன்னு எழுதியிருக்க."

"ஆமா. நாலு தடவைதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எண்ணிக்கிட்டா இருந்த?" என்றாள்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.